ஃப்ளை லைனில் லீடரைக் கட்டுதல்: ஓஹிய முதல் மகியங்கனை வரை

பதுளை மாவட்டத்தின் மேற்கு எல்லையை ஒட்டிய ஓஹிய ரயில் நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,770 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதே மாவட்டத்தின் வடக்கே, மகாவலிக் கரையில் உள்ள மகியங்கனைக்கு இறங்கினால் உயரம் சுமார் 100 மீட்டர்தான். ஓஹியவுக்கு மேலே ஹோர்ட்டன் சமவெளியின் குளிர்ந்த ஓடைகளில் டிரவுட் நீந்துகிறது. கீழே சொரபொர வாவியில் திலாப்பியாவும் விராலும் உண்டு. மகாவலியின் ஆழமான மடுக்களில் மகசீர் கிடக்கும். இவ்வளவு வேறுபட்ட தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், இந்த மாவட்டம் அடங்கிய ஊவா மாகாணத்தில் ஃப்ளை தூண்டில் பழகுகிறவர் தடித்த லைனையும் மெல்லிய லீடரையும் இணைக்க ஒரே முடிச்சை நம்பியிருக்க முடியாது. மலையில் குறையில்லாமல் வேலை செய்யும் இணைப்பு வாவியில் பெரிய மீன் இழுக்கும்போது கழன்று வந்துவிடும்.

இந்த இணைப்புக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? தங்கூசியில் ஈயம் கட்டி எறியும்போது ஈயத்தின் பாரம் நூலை இழுத்துக்கொண்டு போகிறது. ஃப்ளை தூண்டிலில் நிலைமை தலைகீழ். இறகும் நூலும் சுற்றிய ஈக்குப் பாரமே இல்லை. பாரம் முழுவதும் லைனில் இருக்கிறது. அதுதான் ஈயைச் சுமந்து போகிறது. 1961ல் அமெரிக்கத் தூண்டில் உற்பத்தியாளர்கள் வகுத்த அளவுமுறைப்படி, 5ஆம் இலக்க லைனின் முதல் 30 அடி 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம். தடியிலிருந்து புறப்படும் வேகம் லைன் வழியாக வந்து, லீடரின் தடித்த அடிப்பகுதியில் ஏறி, மெலிந்துகொண்டே போய் ஈயைத் தண்ணீரில் மெதுவாக இறக்க வேண்டும். சாட்டையின் அடி தடித்தும் நுனி மெலிந்தும் இருப்பது போன்ற ஏற்பாடு இது. இணைப்பு ஒரு கீல் மாதிரி மடிந்தால் வேகம் அங்கேயே செத்துப்போகும். லீடர் சுருண்டு விழும், மீன் ஓடிவிடும்.

இந்தச் சிக்கல் தோட்டத் துரைமாரின் காலத்தில் வேறு வடிவில் இருந்தது. 1880களில் டிரவுட் முட்டைகள் கப்பலில் கொண்டுவரப்பட்டு நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் மீன் விடப்பட்டது. முதலில் வந்த பிரவுன் டிரவுட் இங்கே சரியாக இனம் பெருக்கவில்லை. பிறகு வந்த ரெயின்போ டிரவுட் ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் தானாகவே முட்டையிட்டு நிலைத்தது. 1896ல் நுவரெலியாவில் தொடங்கிய சிலோன் ஃபிஷிங் கிளப் இந்த மீன்பிடியை நெடுங்காலம் நிர்வகித்தது. 1924ல் ரயில் பாதை பதுளையை எட்டிய பிறகு பதுளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் ஒரே ரயிலில் ஓஹிய வர முடிந்தது. நீலகிரியின் கதையும் ஏறக்குறைய இதுவே: 1860களில் பிரான்சிஸ் டே செய்த முயற்சி கைகூடவில்லை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பின்புதான் அங்கே டிரவுட் நிலைத்தது.

அந்தக் காலத்துத் தூண்டில்காரர் கையில் இருந்தது பின்னிய பட்டு லைன். லீடராகப் பயன்பட்டது பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியை இழுத்து நீட்டிக் காயவைத்த நரம்பு. ஸ்பெயின் நாட்டின் முர்சியா பகுதி அதற்குப் பேர்போனது. ஒரு முழத்துக்கும் குறைவான துண்டுகளை ஒன்றோடொன்று முடிந்துதான் முழு லீடர் தயாராகும். காய்ந்திருந்தால் அந்த நரம்பு முடிச்சுப் போடும்போதே ஒடியும் என்பதால், ஈரத் துணி விரித்த தகர டப்பாவில் ஊறவைத்தே எடுத்துப் போவார்கள். பட்டு லைனும் சும்மா விடாது: மிதப்பதற்குக் கொழுப்புத் தடவ வேண்டும், மாலையில் ரீலிலிருந்து கழற்றிக் காற்றில் உலர்த்த வேண்டும். மலைநாட்டு ஈரத்தில் இதை மறந்தால் பட்டு உக்கிவிடும். ஆனால் ஒரு வசதி இருந்தது. பட்டு மெல்லியது, வளையும். லீடரின் அடியில் ஒரு கண் போட்டு அதில் லைனையே சாதாரணமாக முடிந்துவிடலாம்.

1938ல் டூபோன்ட் நிறுவனம் நைலானை அறிவித்தது. 1950களில் நைலான் பின்னலின் மேல் பிளாஸ்டிக் பூசிய லைன்கள் வந்தன. உலர்த்தும் வேலையும் கொழுப்புத் தடவும் வேலையும் ஒழிந்தன. பதிலுக்குப் புதிய தொல்லை ஒன்று வந்து சேர்ந்தது: பிளாஸ்டிக் பூசிய லைனை முடிந்தால் பட்டாணி அளவுக்குப் புடைக்கும், தடியின் வளையங்களில் சிக்கும். எனவே லைனை முடியாமல், லீடரை லைனின் மேல் சுற்றி இறுக்கும் முறைகள் பிறந்தன. இன்று கையாளப்படும் முக்கியமான இணைப்புகள் எல்லாம் இந்த ஒரு யோசனையிலிருந்து கிளைத்தவை.

முடிச்சுக்குப் போகுமுன் தடிமனைப் பார்த்துக்கொள்வது நல்லது. 5ஆம் இலக்க லைனின் நுனி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிப்பு. லீடரின் அடிப்பகுதி அதில் பாதியாவது இருக்க வேண்டும், 0.50 முதல் 0.55 மில்லிமீட்டர் சரியான அளவு. கடையில் கிடைக்கும் 0.30 தங்கூசியை நேராகக் கட்டிவிட்டு ஈ நேராகப் போகவில்லையே என்று தடியைக் குறை சொல்பவர்கள் உண்டு. குற்றம் தடியில் இல்லை. கையால் லீடர் செய்கிறவர்கள் மொத்த நீளத்தில் அறுபது விழுக்காடு தடித்த அடிப்பகுதி, இருபது விழுக்காடு இடைப்பகுதி, மிச்சம் மெல்லிய டிப்பெட் என்று பங்கிடலாம். டிரவுட்டுக்கு டிப்பெட் 0.15 மில்லிமீட்டர் போதும். கடை உறையில் 5எக்ஸ் என்று போட்டிருப்பது அதுதான்.

ஊவாவில் தொடங்குகிறவர் முதலில் கற்க வேண்டியது ஆணி முடிச்சு. லைனோடு ஓர் ஆணியைச் சேர்த்துப் பிடித்துச் சுற்றுவதால் இந்தப் பெயர். இப்போது ஆணியைவிட மெல்லிய குழாய் வசதியானது. தீர்ந்துபோன குமிழ்முனைப் பேனாவின் மைக்குழாயை 5 சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டிக் கழுவிக்கொண்டால் கருவி தயார். குழாய் எவ்வளவு மெல்லியதோ முடிச்சு அவ்வளவு எளிதாக இறுகும்.

இடது கையில் லைனைப் பிடிக்க வேண்டும், அதன் நுனி வலது பக்கம் பார்க்க. குழாயை லைனோடு ஒட்டி வைக்க வேண்டும். லீடரின் தடித்த அடியை எதிர்த்திசையில், வலமிருந்து இடமாக, இரண்டுக்கும் பக்கத்தில் கிடத்தி, இடது பெருவிரலுக்கு அப்பால் ஒரு சாண் மிச்சம் விட வேண்டும். அந்த மிச்சத்தை மடக்கி, லைன், குழாய், லீடர் மூன்றையும் சேர்த்து வலது பக்கமாக, லைனின் நுனியை நோக்கி, ஐந்து அல்லது ஆறு சுற்றுச் சுற்ற வேண்டும். சுற்றுகள் ஒன்றையொன்று ஏறாமல் அடுத்தடுத்துப் படிய வேண்டும். இப்போது அந்த மிச்சத்தின் நுனியைக் குழாயின் வலது வாயில் நுழைத்து இடது வாய் வழியே வெளியே எடுத்து, சுற்றுகளை விரலால் அமுக்கிப் பிடித்தபடி குழாயை மெல்ல உருவ வேண்டும்.

இங்கேதான் அவசரம் கூடாது. லீடரின் இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். பாதி இறுகியதும் எச்சில் தொட்டு ஈரப்படுத்தி, நகத்தால் சுற்றுகளை வரிசைப்படுத்திப் பிறகு முழுப் பலத்தோடு இறுக்க வேண்டும். நுனிப் பக்கத்தைக் குறட்டால் பிடித்தால் கை வழுக்காது. உலர்ந்த நைலானை இறுக்கினால் உராயும் சூட்டிலேயே அது பலம் இழக்கும். நன்றாக இறுகிய ஆணி முடிச்சு பிளாஸ்டிக் பூச்சுக்குள் அமிழ்ந்து கடித்துக்கொண்டு நிற்கும். அந்தக் கடியே அதன் பிடிப்பு. மிச்ச நுனிகளை நகவெட்டியால் ஒட்ட வெட்டிவிடலாம்.

ஆணி முடிச்சுக்கு ஒரு குறை உண்டு. லீடர் லைனின் நடுவிலிருந்து புறப்படாமல் பக்கவாட்டிலிருந்து புறப்படுகிறது. வெட்டிய லைன் நுனி சிறு படி போலத் துருத்திக்கொண்டிருக்கும். அகன்ற ஆற்றில் இது பெரிதாகத் தெரியாது. மலை ஓடையில் தெரியும். இரு கரையிலும் புதர் அடைத்த இடத்தில் தூண்டில்காரர் ஏழடித் தடியோடு நின்று, ஏழரை அடி லீடரால் எறிகிறார். மீனைக் கைக்கு எட்டும் தூரத்துக்குக் கொண்டுவரும்போது இணைப்பு தடியின் நுனி வளையத்துக்குள் நுழைந்துவிடும். அந்த நேரம் மீன் மறுபடி பாய்ந்தால் முடிச்சின் படி வளையத்தில் சிக்கும், 0.15 மில்லிமீட்டர் டிப்பெட் பட்டென்று அறும். டிரவுட் தூண்டிலில் கைக்கு வந்த மீன் தவறுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

அதற்கு மருந்து ஊசி முடிச்சு. லைனின் வெட்டிய முகத்தில், நட்ட நடுவில், தையல் ஊசியைக் குத்தி அரை சென்டிமீட்டர் உள்ளே செலுத்திப் பக்கவாட்டில் முனையை வெளியே எடுக்க வேண்டும். ஊசியை அப்படியே விட்டு, தீக்குச்சிச் சுடரை அதன் வெளிப்பகுதியில் ஓரிரு விநாடி காட்டி ஆறவிட்டு உருவினால் துளை மூடாமல் நிற்கும். சூடு அதிகமானால் பூச்சு உருகிவிடும் என்பதால் சுடரை லைன் பக்கம் கொண்டுபோகக் கூடாது. லீடரின் அடியை பிளேடால் சரிவாகச் சீவிக் கூராக்கி, வெட்டிய முகத்தின் வழியே நுழைத்துப் பக்கத் துளையால் ஒரு சாண் வெளியே இழுத்து, அதன் மேல் முன்பு சொன்ன ஆணி முடிச்சைப் போட வேண்டும். முடிந்தபின் பார்த்தால் லீடர் லைனின் நடுவிலிருந்தே முளைத்ததாகத் தோன்றும். வளையத்தில் ஓசையின்றி ஓடும். கட்டுவதற்கு ஆணி முடிச்சைவிட இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். ஆனாலும் ஓஹிய, அம்பேவலைப் பக்கம் போகிறவர்களுக்கு இதைவிடச் சிறந்த இணைப்பு இல்லை.

சிலர் இன்னும் ஒரு படி மேலே போய் முடிச்சே இல்லாமல் ஒட்டுவார்கள். ஊசியை லைனுக்குள் இரண்டு சென்டிமீட்டர் தூரம் செலுத்தித் துளையிட்டு, சீவிய லீடர் அடியை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, சுப்பர் குளூ தடவிச் சட்டென்று உள்ளே இழுத்துவிடுவது. காய்ந்ததும் மிகத் துப்புரவான இணைப்பு. ஆனால் சுப்பர் குளூ ஈரத்தைக் கொண்டே இறுகும் பசை. மலைநாட்டு மூடுபனியில் அது நினைப்பதைவிட விரைவாக இறுகி, லீடர் பாதி வழியில் நின்றுவிடும். இந்த முறையை வீட்டில், உலர்ந்த நாளில், மேசை மேல் வைத்துச் செய்ய வேண்டும். ஓடைக் கரையில் வேண்டாம். ஊசி நுழையும் இரண்டு முறைகளுமே லைனின் உட்பகுதி பின்னல் நூலாக இருந்தால்தான் நடக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும். வெப்ப நாடுகளுக்கென்று விற்கும் லைன்கள் பலவற்றில் உள்ளே ஒற்றை நைலான் இழை இருக்கும். அதை ஊசி துளைக்காது.

மகியங்கனைப் பக்கம் இறங்கும்போது கணக்கு முழுவதும் மாறுகிறது. வாவியில் 8ஆம் இலக்க லைன், 30 அடிக்கு 210 கிரெய்ன், கனமான ஈ, பலமான மீன். குளிர்ந்த தண்ணீருக்குச் செய்த லைனின் பூச்சு தாழ்நில வெயிலில் இளகிவிடும். ஆணி முடிச்சு பிடித்திருப்பது அந்தப் பூச்சைத்தான், உள் நூலை அல்ல. மகசீர் கற்பாறைப் பக்கம் பாயும்போது முடிச்சு அப்படியே இருக்க, பூச்சு உறைபோல உரிந்து லீடரோடு போய்விடும். தூண்டில்காரர் கையில் வெறும் நூல் மிஞ்சும். ஆகவே பெரிய மீனுக்கு லைனிலேயே வளையம் வேண்டும்.

இப்போது வாங்கும் லைன்களில் பெரும்பாலானவை நுனியில் உருக்கி ஒட்டிய வளையத்தோடுதான் வருகின்றன. வளையம் இல்லாத லைனுக்குக் கையாலேயே செய்துகொள்ளலாம்: நுனியை ஐந்து சென்டிமீட்டர் மடக்கி, 0.28 அல்லது 0.30 தங்கூசித் துண்டுகளால் அந்த மடிப்பின் மேல் இரண்டு மூன்று ஆணி முடிச்சுகளை இடைவெளி விட்டுப் போட்டு, மேலே நெகிழ்வான பசை பூச வேண்டும். லீடர் பக்கத்து வளையத்துக்குப் பர்ஃபெக்ஷன் முடிச்சு உகந்தது. லீடர் அடியின் நுனியைப் பின்புறமாகக் கொண்டுவந்து ஒரு வளையம், அதே நுனியை முன்னால் சுற்றி இரண்டாவது சிறு வளையம், மிஞ்சிய நுனியை இரண்டுக்கும் நடுவே கிடத்தி, முன் வளையத்தைப் பின் வளையத்துக்குள் செலுத்தி இழுத்தால் முடிந்தது. வளையம் லீடரின் நேர்க்கோட்டிலேயே நிற்கும் என்பது இதன் சிறப்பு.

இரண்டு வளையங்களையும் கோக்கும் விதத்தில்தான் பலரும் பிசகுகிறார்கள். லீடரின் வளையத்தை லைன் வளையத்தின் மேல் மாட்டி, லீடரின் மெல்லிய நுனியை லைன் வளையத்துக்குள் விட்டு முழு நீளத்தையும் இழுக்க வேண்டும். சரியாக அமைந்தால் இரண்டும் சமமாகக் கைகோத்துச் சதுரமாகத் தெரியும். ஒன்று மடங்கி மற்றதன் கழுத்தைச் சுற்றியிருந்தால் அது தவறு. மெல்லிய நைலான் லைனின் பூச்சை அறுத்துக்கொண்டே போகும். இறுக்குமுன் ஒருமுறை கண்ணால் பார்த்தால் போதும். லீடரை அடிக்கடி மாற்ற வேண்டிய வாவியில் இந்த முறையின் வசதி பெரியது. மலை ஓடைக்கு இதன் புடைப்பு ஆகாது.

கடையில் கிடைக்கும் பின்னல் வளையமும் உண்டு. உள்ளே குடைவான நைலான் பின்னலை லைன் நுனி மேல் மூன்று நான்கு சென்டிமீட்டர் ஏற்றினால், இழுக்க இழுக்க அது இறுகும். மேலே சிறு பிளாஸ்டிக் உறை, ஒரு சொட்டுப் பசை. அவசரத்துக்கு உதவும். ஆனால் அது தண்ணீரைக் குடித்துக்கொண்டு ஒவ்வோர் எறிதலிலும் துளியாகத் தெறிக்கும், அமைதியான மடுவில் மீனை விரட்டும். நாளடைவில் இழை பிரியும். பையில் ஒன்று இருக்கட்டும், அதையே நிரந்தர இணைப்பாக வைத்துக்கொள்வது உகந்ததல்ல.

காற்றையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாச் சரிவுகளில் வீசும் வறண்ட கச்சான் காற்றுதான் இந்த மாகாணத் தேயிலைக்கு அதன் பேர்பெற்ற வாசனையைக் கொடுக்கிறது. அதே மாதங்களில் ஓடைகள் வற்றித் தெளிந்திருக்கும், மீன் மிரண்டு கிடக்கும். தெளிந்த தண்ணீருக்கு நீண்ட லீடர் வேண்டும். காற்றுக்குக் குட்டையான லீடர் வேண்டும். இரண்டுக்கும் இடையில் அகப்பட்டவர் அடிப்பகுதியைத் தடிப்பாகவும் குட்டையாகவும் வைத்து, மெல்லிய டிப்பெட்டை மட்டும் நீட்டலாம். இணைப்பு விறைப்பாக இருந்தால்தான் அந்த ஏற்பாடு காற்றைக் கிழித்துப் போகும். பின்னல் வளையத்தோடு கச்சானில் எறிவது வீண் வேலை.

நுளம்புக்கும் அட்டைக்கும் தடவும் மருந்துகளில் டீட் என்ற இரசாயனம் இருக்கிறதா என்று போத்தலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது பிளாஸ்டிக்கைக் கரைக்கும். மருந்து தடவிய விரலோடு முடிச்சைத் தொட்டால் லைனின் பூச்சு பிசுபிசுத்து வெடிக்கும். எவ்வளவு நேர்த்தியாகக் கட்டிய முடிச்சும் அதன் பிறகு நிற்காது. மருந்தைப் புறங்கையால் தடவி, விரல்களைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே லைனைத் தொட வேண்டும்.

ஒவ்வொரு நாளும் தொடங்குமுன் லைனின் கடைசி மூன்று சென்டிமீட்டரை நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். பூச்சில் வெடிப்புத் தட்டுப்பட்டால் அந்தத் துண்டை வெட்டி எறிந்து புதிதாகக் கட்ட வேண்டும். பிறகு இணைப்பை நுனி வளையத்தின் ஊடே முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்க வேண்டும். சிக்கினால் நெகிழ்வான பசையை மெல்லிய பூச்சாகத் தடவி, இருபக்கமும் சரிவாக்கிக் காயவிடலாம்.

தண்ணீரில் இறங்குமுன் அனுமதி. ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் அங்கே லைனை விரிக்கக் கூடாது. அந்த ஓடைகளில் மட்டுமே வாழும் சிறிய நன்னீர் இறால் இனம் ஒன்றுக்கு வெளியிலிருந்து வந்த டிரவுட் ஆபத்தாக இருப்பதால், அங்கே புதிதாக மீன் விடும் எண்ணமே வேண்டாம். தோட்டத்து ஓடைக்கும் குளத்துக்கும் தோட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். வாவிகளில் மீன்பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன; அவர்களுடைய வலை கிடக்கும் இடத்தைக் கேட்டறிந்து விலகி நிற்பது முறை. மகசீர் கிடைத்தால் முள்ளைக் கழற்றி ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். முடிச்சுப் போட்டு வெட்டிய நைலான் துண்டுகள் மண்ணில் உக்குவதற்குப் பல ஆண்டுகள் எடுக்கும், அதற்குள் நீர்க்காகத்தின் காலிலும் கன்றுக்குட்டியின் வாயிலும் சிக்கும். துண்டு எவ்வளவு சிறியதானாலும் ஒரு சிறு டப்பாவில் போட்டு வீட்டுக்கே கொண்டுபோய்விடுங்கள்.